பென் டிரைவில் ஐஎஸ்ஓ கோப்பு இருக்கிறது. கணினி அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மறுக்கிறது

முல்லைக்கொடி
8 நவம்பர் 2025, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி பதினோராம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கென்று புது மடிக்கணினி வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. அப்பா 2015இல் வாங்கிய மடிக்கணினி வீட்டில் இருக்கிறது: ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் விண்டோஸ் 10 மிக மெதுவாக ஓடுகிறது. அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இந்தக் கணினி தகுதி பெறவில்லை. எனவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவலாம் என்று முடிவு செய்தேன்.

அதற்கான ஐஎஸ்ஓ கோப்பை (முழு நிறுவல் வட்டும் ஒரே கோப்பாக, ஏறக்குறைய 3 ஜிபி) கைபேசி இணையத்தில் இரண்டு இரவு விழித்திருந்து பதிவிறக்கினேன். அதை 64 ஜிபி பென் டிரைவில் போட்டேன். கணினியைத் திறக்கும்போது எஃப்9 அழுத்தினால் பட்டியல் வருகிறது, ஆனால் அதில் ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் இருக்கிறது. பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு, ஐஎஸ்ஓ கோப்பைப் பிரித்து, உள்ளே இருந்த கோப்புகளை எல்லாம் பென் டிரைவில் நகலெடுத்தேன். அப்போதும் அதே நிலைதான். மூன்று நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எங்கே தவறு செய்கிறேன் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

—

கருந்திரை
8 நவம்பர் 2025, இரவு 9.58

சகோதரி, ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே நகலெடுத்தால் வேலை செய்யாது. அதை எழுதுவதற்கென்று தனி நிரல்கள் இருக்கின்றன. விண்டோஸில் ரூஃபஸ் போதும், பலேனா எட்சரும் நல்லதுதான். நீங்கள் பிரித்து நகலெடுத்ததும் பயன்படாது. கோப்புகளைப் போட்டுவிட்டால் மட்டும் பென் டிரைவிலிருந்து கணினி தொடங்கிவிடாது, அதாவது பூட் ஆகாது.

—

பழுதுபார்ப்பவர்
8 நவம்பர் 2025, இரவு 10.31

கருந்திரை தம்பி சொன்னதன் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டும். இங்கே குழப்பம் ஏற்பட்டால் பிறகு எங்கும் தெளியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கணினியைத் திறந்தவுடன் விழித்துக்கொள்வது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. மதர்போர்டில் இருக்கும் சிறிய நிரல்தான் முதலில் விழிக்கிறது. பழைய கணினிகளில் அது பயாஸ். அதற்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் எடுத்துப் பார்க்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற அடையாளம் இருந்தால், அந்த 512 பைட்டுக்குள் இருக்கும் சிறு நிரலை ஓட்டும். இல்லையென்றால் அடுத்த வட்டுக்குப் போய்விடும். இந்த முறையில் கோப்புகளை எவ்வளவு நகலெடுத்தாலும் பயனில்லை. முதல் 512 பைட்டை நகலெடுக்கும் வேலை தொடுவதே இல்லை.

முல்லைக்கொடியின் கணினி 2015இல் வந்தது. அது பயாஸுக்கு அடுத்து வந்த யுஇஎஃப்ஐ வகையாகத்தான் இருக்கும். யுஇஎஃப்ஐக்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியும், ஆனால் ஒரே ஒரு கோப்பு முறையைத்தான் (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் விதம்) கட்டாயம் படிக்கும். அது ஃபேட் குடும்பம், நம் பேச்சுக்கு ஃபேட்32. அப்படி ஒரு பென் டிரைவ் கிடைத்தால், அதில் இஎஃப்ஐ என்ற கோப்புறை, அதற்குள் பூட் என்ற கோப்புறை, அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு இருக்கிறதா என்று தேடும். இருந்தால் ஓட்டும். அவ்வளவுதான். எனவே ஃபேட்32 பென் டிரைவில் மின்ட் ஐஎஸ்ஓவைப் பிரித்துக் கோப்புகளை நகலெடுத்தால், பெரும்பாலான யுஇஎஃப்ஐ கணினிகளில் அது உண்மையிலேயே பூட் ஆகும். நானே செய்திருக்கிறேன்.

அப்படியென்றால் உங்களுக்கு ஏன் ஆகவில்லை? என் சந்தேகம் பென் டிரைவின் கோப்பு முறையின் மேல்தான். கணினியில் பென் டிரைவின் மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து, பண்புகளைத் திறந்து, கோப்பு முறை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் அம்மா.

—

முல்லைக்கொடி
8 நவம்பர் 2025, இரவு 10.44

எக்ஸ்ஃபேட் என்று இருக்கிறது ஐயா. நான் எதையும் மாற்றவில்லை. வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறேன். அக்காவின் திருமண வீடியோ, 11 ஜிபி ஒரே கோப்பு, இதில்தான் இருக்கிறது.

—

பழுதுபார்ப்பவர்
8 நவம்பர் 2025, இரவு 10.59

அங்கேதான் பூட்டு. 32 ஜிபிக்கு மேற்பட்ட பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டாகத்தான் கடைக்கு வருகின்றன. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடவே முடியாது. மிகச் சரியாகச் சொன்னால் 4,294,967,295 பைட்டுதான் உச்சம். உங்கள் 11 ஜிபி வீடியோ அதில் ஏறியதே அது எக்ஸ்ஃபேட் என்பதால்தான். பெயரில் ஃபேட் இருந்தாலும் எக்ஸ்ஃபேட் வேறு. பெரும்பாலான யுஇஎஃப்ஐக்கு அதைப் படிக்கத் தெரியாது. உங்கள் கணினி பென் டிரைவைப் பார்த்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குப் புரியவில்லை, கடந்து போய்விட்டது.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் அந்தத் திருமண வீடியோவை ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, முழுவதும் ஓடுகிறதா என்று பாருங்கள். பென் டிரைவில் உள்ளது அனைத்தும் அழியப் போகிறது. அதன் பிறகு ரூஃபஸ். அதில் மேலே பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள், அடுத்து ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுங்கள். பகிர்வு (வட்டைப் பிரித்து வைக்கும் பாகம்) அமைப்பு எம்பிஆர், இலக்கு பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ என்று அதுவாகவே காட்டும். அதை மாற்ற வேண்டாம். அந்த அமைப்பில் எழுதிய மின்ட் பென் டிரைவ் பழைய கணினியிலும் புதிய கணினியிலும் ஓடும். தொடங்கு என்று அழுத்தியதும் ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்கும். ஐஎஸ்ஓ முறையையே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்கு முன் இன்னொரு வேலை. ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சரிபார்ப்புக் குறியோடு ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சிறிது நேரத்தில் எஸ்எச்ஏ256 என்று 64 எழுத்து நீளத்துக்கு ஒரு சரம் வரும், அது அந்தக் கோப்பின் கைரேகை மாதிரி. மின்ட் தளத்தில் உங்கள் பதிப்புக்குக் கொடுத்திருக்கும் சரத்தோடு அதை ஒப்பிடுங்கள். கைபேசி இணையத்தில் இரண்டு இரவு இறங்கிய கோப்பு, நடுவில் எத்தனை முறை அறுந்ததோ. ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை நம்ப வேண்டாம்.

—

மூலநிரல்
9 நவம்பர் 2025, காலை 6.20

டிடி முறை பற்றி ஒரு வார்த்தை. உபுண்டு, மின்ட், ஃபெடோரா ஆகியவற்றின் ஐஎஸ்ஓக்கள் இருமுகமாகத் தயாரிக்கப்படுகின்றன. குறுந்தகட்டில் எழுதினாலும் ஓடும், வட்டில் பைட்டுக்குப் பைட் அப்படியே இறக்கினாலும் ஓடும். 512 பைட் தலைப்பும் யுஇஎஃப்ஐ பகிர்வும் ஐஎஸ்ஓவுக்குள்ளேயே இருக்கின்றன. டிடி முறை அப்படியே இறக்குகிறது. ஐஎஸ்ஓ முறை கோப்புகளைப் பிரித்து, புதிதாக ஃபேட்32 அமைத்து, பூட் நிரலைத் தன் கையால் நட்டுவைக்கிறது.

என் கருத்தில் தயாரித்தவர்கள் சோதித்த வடிவத்தை அப்படியே இறக்குவதுதான் நேர்மையான வழி. எழுதிய பிறகு பென் டிரைவிலிருந்து அதே நீளத்துக்குத் திரும்பப் படித்து, மூல ஐஎஸ்ஓவோடு பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் முடியும். ஐஎஸ்ஓ முறையில் அந்த ஒப்பீடு நடக்காது.

—

பழுதுபார்ப்பவர்
9 நவம்பர் 2025, காலை 7.05

மறுக்கவில்லை நண்பரே. ஆனால் விண்டோஸில் இருக்கும் ஒருவர் டிடி முறையில் எழுதிவிட்டுப் பென் டிரைவை மறுபடி செருகினால் என்ன நடக்கிறது? “இந்த வட்டைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்” என்று விண்டோஸ் கேட்கிறது. அதற்குப் புரியாத பகிர்வு இருப்பதால் கேட்கிறது. பதறிப்போய்ச் சரி என்று அழுத்திவிடுகிறார்கள், ஒரு மணி நேர வேலை போய்விடுகிறது. என் கடைக்கு அப்படிப் பலர் வந்திருக்கிறார்கள். முதல் முறை செய்பவருக்கு நான் ஐஎஸ்ஓ முறையைத்தான் சொல்வேன். அதில் ஆகாவிட்டால் டிடி.

—

மூலநிரல்
9 நவம்பர் 2025, காலை 7.22

ஏற்கிறேன். அந்தக் கேள்வி வந்தால் “ரத்து” என்று அழுத்த வேண்டும் என்பதை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

—

முல்லைக்கொடி
9 நவம்பர் 2025, பிற்பகல் 2.15

எஸ்எச்ஏ256 சரம் முழுவதும் பொருந்துகிறது. தம்பி ஒரு பக்கம் வாசிக்க, நான் ஒரு பக்கம் விரலை வைத்துச் சரிபார்த்தேன்.

ரூஃபஸில் எழுதினேன். பச்சைக் கோடு முழுவதும் நிறைந்து “தயார்” என்று வந்தது. எஃப்9 அழுத்தியதும் பட்டியலில் பென் டிரைவின் பெயரும் வந்தது! மின்ட்டின் கறுப்புத் திரையில் தொடக்கப் பட்டியலும் வந்தது. வீட்டில் எல்லோரும் ஓடி வந்து பார்த்தார்கள். ஆனால் முதல் வரியைத் தேர்ந்தெடுத்ததும் திரையில் இரண்டே வரி: தவறான அடையாள எண் என்று ஒன்று, முதலில் கர்னலை ஏற்ற வேண்டும் என்று இன்னொன்று. ஏதாவது விசையை அழுத்தினால் மறுபடி பட்டியலுக்கே வருகிறது. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் இதே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருமண வீடியோவை ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்தபோது பாதியில் பிழை வந்தது. வீடியோ தாலி கட்டும் இடத்துக்கு வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. முழு வீடியோ வீடியோக்காரர் கொடுத்த வட்டில் இருக்கிறது, அதனால் கவலையில்லை. ஆனால் அது ஏன் என்று புரியவில்லை.

—

கருந்திரை
9 நவம்பர் 2025, பிற்பகல் 2.40

செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு அமைப்பு) அணைத்துப் பாருங்கள் சகோதரி. பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

—

மூலநிரல்
9 நவம்பர் 2025, பிற்பகல் 3.02

இந்த இடத்தில் செக்யூர் பூட் மேல் பழி போட முடியாது. அது தடுத்திருந்தால் மின்ட்டின் பட்டியலே வந்திருக்காது. மின்ட்டின் பூட் நிரலுக்கு முன்னால் ஷிம் என்ற சிறு நிரல் நிற்கிறது. அதில் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் இருக்கிறது, செக்யூர் பூட் அதை ஏற்றுக்கொள்ளும். பழைய ஐஎஸ்ஓவாக இருந்தால் மட்டும் சிக்கல் வரும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு, பழைய ஷிம் பதிப்புகளை மறுக்கும்படி பல கணினிகளில் மாற்றிவிட்டது. அப்போது பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற செய்தி திரையில் வரும். முல்லைக்கொடி புதிய ஐஎஸ்ஓவை இறக்கியிருக்கிறார், பட்டியலும் வந்திருக்கிறது.

இன்னோர் எச்சரிக்கை, இது பிற வாசகர்களுக்கு. விண்டோஸ் 11 கணினிகளில் பிட்லாக்கர் குறியாக்கம் பலருக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட கணினியில் செக்யூர் பூட் அமைப்பைத் தொட்டால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புத் திறவெண்ணைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் கோப்புகள் கதவுக்கு அந்தப் பக்கம்தான். திறவெண்ணை எழுதி வைத்துக்கொண்ட பிறகே அந்த அமைப்பில் கை வையுங்கள்.

—

பழுதுபார்ப்பவர்
9 நவம்பர் 2025, மாலை 4.10

அம்மா, தாலி கட்டும் இடத்துக்கு முன்னால் வீடியோ நிற்கிறது என்று நீங்கள் எழுதிய வரிதான் எனக்கு விடை சொல்கிறது. பட்டியல் வருகிறது, இயங்குதளத்தின் மையமான கர்னல் வரவில்லை. பட்டியலுக்கான கோப்புகள் மிகச் சிறியவை, பென் டிரைவின் தொடக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். கர்னல் அதற்குப் பின்னால் எங்கோ விழுந்திருக்கிறது. வீடியோவும் தொடக்கத்தில் சரியாக ஓடுகிறது, ஓர் இடத்துக்குப் பிறகு இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பென் டிரைவை எங்கே, என்ன விலைக்கு வாங்கினீர்கள்?

—

முல்லைக்கொடி
9 நவம்பர் 2025, மாலை 4.26

பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் அப்பா வாங்கி வந்தார். 64 ஜிபி, 150 ரூபாய்.

—

பழுதுபார்ப்பவர்
9 நவம்பர் 2025, மாலை 5.03

64 ஜிபி அந்த விலைக்கு வராது. இது உங்கள் அப்பாவின் தவறு இல்லை. மேலே அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குபவரை ஏமாற்றுவதற்காகவே செய்த பொருள் அது.

உள்ளே நடப்பது இதுதான். பென் டிரைவுக்குள் தரவு தங்கும் சில்லு ஒன்று, அதை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று. “எவ்வளவு இடம் இருக்கிறது?” என்று கணினி கேட்டால் பதில் சொல்வது கட்டுப்பாட்டுச் சில்லு. அதைப் பொய் சொல்லும்படி எழுதிவிடுகிறார்கள். உண்மையில் 2 ஜிபிதான் இருக்கும், அது 64 என்று சொல்லும். இருக்கும் இடத்தைத் தாண்டி நீங்கள் எழுதும்போதும் “எழுதிவிட்டேன்” என்றே சொல்லும். ஆனால் அந்தத் தரவு எங்கும் போய்ச் சேராது. சில வகைகளில் முதலில் எழுதியதன் மேலேயே போய் விழும். ரூஃபஸின் பச்சைக் கோடு நிறைந்தது அந்தப் பொய்யை நம்பித்தான். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தால் மட்டுமே இது வெளிப்படும்.

இதை உறுதி செய்ய வழி இருக்கிறது. ரூஃபஸின் மேம்பட்ட ஃபார்மட் விருப்பங்களுக்குள் பழுதான பகுதிகளைச் சோதிக்கும் பெட்டி இருக்கிறது. அதில் குறியிட்டு ஒரே ஒரு சுற்றுச் சோதனையைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். போலியான பென் டிரைவ் என்றால் அதுவே சொல்லிவிடும். 64 ஜிபி என்று நம்பி முழுவதும் எழுதிப் படிக்கும் என்பதால் பல மணி நேரம் ஆகலாம். பொறுமையாக விடுங்கள். லினக்ஸில் இருப்பவர்களுக்கு இதே வேலைக்கு எஃப்3 என்ற நிரல் இருக்கிறது.

—

வைகைக்கரை
9 நவம்பர் 2025, இரவு 8.17

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். டிடி பற்றிப் பேச்சு வந்ததால் எனக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

லினக்ஸில் டிடி கட்டளை எதையும் கேட்காது. எங்கிருந்து, எங்கே என்று இரண்டு சொன்னால் உடனே எழுதத் தொடங்கிவிடும். சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் நண்பருக்காக உபுண்டு பென் டிரைவ் தயாரித்துக்கொண்டிருந்தேன். என் மேசைக் கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், லினக்ஸ் அவற்றுக்கு வைக்கும் பெயர் எஸ்டிஏ, எஸ்டிபி. பென் டிரைவ் எப்போதும் எஸ்டிசி என்று வரும். அன்று ஒரு வட்டின் கம்பியை மாற்றிச் செருகியிருந்தேன், அதனால் எழுத்துகளின் வரிசை மாறிவிட்டது. பழக்கத்தில் எஸ்டிசி என்று தட்டி, என்டர் அழுத்தினேன். வேகம் வினாடிக்கு 140 எம்பி என்று திரையில் ஓடியது. இந்தப் பென் டிரைவ் வினாடிக்கு 10 எம்பிக்கு மேல் எழுதாதே என்று மனதில் உறைப்பதற்கு இருபது வினாடி ஆனது. நிறுத்தும்போது வட்டின் முதல் 3 ஜிபி முடிந்துவிட்டது. என் மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் இருந்த வட்டு அது.

ஃபோட்டோரெக் என்ற நிரலைக் கொண்டு பெரும்பாலான படங்களை மீட்டேன். ஆனால் அது கோப்பின் பெயரையோ கோப்புறையையோ மீட்டுத் தராது. எண்ணிட்ட பெயர்களோடு ஆயிரக்கணக்கான படங்கள் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறோம். அவள் முதல் முறை நடந்த நாளின் வீடியோ மட்டும் கிடைக்கவேயில்லை.

எனவே இப்போது நான் செய்வது: பென் டிரைவைச் செருகுவதற்கு முன் வட்டுப் பட்டியலை ஒரு முறை எடுப்பேன், செருகிய பின் இன்னொரு முறை எடுப்பேன். புதிதாக வந்த வரி எது, அதன் அளவு என்ன, நிறுவனப் பெயர் என்ன என்று மூன்றையும் பார்ப்பேன். சொந்த வட்டுகளில் கழற்றக்கூடியதைக் கழற்றிவிடுவேன். எழுத்துகளை நம்புவதை விட்டுவிட்டேன். வட்டுக்கென்று மாறாத அடையாளப் பெயர் ஒன்று லினக்ஸில் தனிக் கோப்புறையில் இருக்கிறது, அதைத்தான் கட்டளையில் கொடுக்கிறேன்.

—

கருந்திரை
9 நவம்பர் 2025, இரவு 8.45

படிக்கவே நெஞ்சு கனக்கிறது அண்ணா. இன்றே என் படங்களுக்கு இன்னொரு நகல் எடுத்துவிடுகிறேன்.

டிடியில் என் அனுபவம் ஒன்று. கட்டளை முடிந்துவிட்டது என்று வந்தவுடன் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டேன், பூட் ஆகவில்லை. லினக்ஸ் முதலில் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகுதான் மெதுவாகப் பென் டிரைவுக்குத் தள்ளுகிறது என்று பிற்பாடு தெரிந்தது. இப்போது பென் டிரைவின் சிறு நீல விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திரையில் நூறு விழுக்காடு வந்த பிறகும் நாலைந்து நிமிடம் அது துடித்துக்கொண்டே இருக்கும். சிங்க் கட்டளை கொடுத்தால் உண்மையிலேயே எழுதி முடிந்த பிறகுதான் அடுத்த வரி வருகிறது.

—

தொலைதூரம்
10 நவம்பர் 2025, காலை 10.12

ஏன் ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்? வென்டாய் என்ற நிரலைப் பென் டிரைவில் ஒரு முறை நிறுவிவிட்டால் போதும். பென் டிரைவில் பெரிய பகிர்வு ஒன்று, கடைசியில் 32 எம்பி அளவில் சிறிய பகிர்வு ஒன்று என்று அமைத்துவிடும். பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைச் சாதாரணக் கோப்பு மாதிரி அதில் போட வேண்டியதுதான். மின்ட், உபுண்டு, விண்டோஸ் 11, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்று பத்து ஐஎஸ்ஓ இருந்தாலும் பட்டியலாகக் காட்டும், எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். முல்லைக்கொடி முதல் நாள் செய்தது வென்டாய் பென் டிரைவாக இருந்திருந்தால் அப்படியே வேலை செய்திருக்கும். அதுவும் எக்ஸ்ஃபேட்டில்தான்.

—

மூலநிரல்
10 நவம்பர் 2025, காலை 11.30

வசதி என்பதில் ஐயமில்லை. எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. வென்டாயின் மூலநிரலோடு முன்கூட்டியே தொகுத்து வைத்த இருமக் கோப்புகள் (மனிதர் படிக்க முடியாத, இயந்திரம் மட்டும் ஓட்டும் வடிவம்) பல சேர்ந்திருப்பது பற்றி 2024இல் பெரிய விவாதம் நடந்தது. அவை எதிலிருந்து எப்படி உருவாயின என்பதை வெளியிலிருந்து ஒருவர் திரும்பச் செய்து சரிபார்ப்பது கடினம் என்பதுதான் கேள்வி. அதில் தீங்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படி எதையும் யாரும் காட்டவில்லை. ஆனால் இயங்குதளம் நிறுவும் நேரம் என்பது வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் நேரம். அங்கே சரிபார்க்க முடிந்ததை மட்டும் வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

—

பழுதுபார்ப்பவர்
10 நவம்பர் 2025, பிற்பகல் 1.48

என் சட்டைப்பையில் வென்டாய் பென் டிரைவ்தான் இருக்கிறது. ஒரு நாளில் ஐந்து விதமான கணினிகள் வரும் கடையில் அது இல்லாமல் முடியாது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் முதல் முறை மட்டும் நீலத் திரை ஒன்று வந்து திறவுகோலைப் பதிவு செய்யச் சொல்லும். அங்கே பலர் மிரண்டு திரும்பிவிடுகிறார்கள். ஒரே ஒரு கணினிக்கு ஒரே ஒரு முறை நிறுவப் போகிறவருக்கு, அதுவும் முதல் முறை செய்பவருக்கு, ரூஃபஸே போதும். மூலநிரல் நண்பரின் தயக்கத்தை மதிக்கிறேன். வங்கி, அலுவலகக் கணினிகளுக்கு நானும் தனிப் பென் டிரைவில்தான் எழுதுகிறேன்.

—

தொலைதூரம்
10 நவம்பர் 2025, பிற்பகல் 2.20

சரி. இதே இழையில் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். என்னிடம் லினக்ஸ் மட்டும்தான் இருக்கிறது. விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை டிடியில் எழுதினேன், பூட் ஆகவில்லை. ஃபேட்32 அமைத்துக் கோப்புகளை நகலெடுத்தால் ஒரு கோப்பு மட்டும் ஏற மறுக்கிறது. வென்டாய் இல்லாமல் வழி உண்டா?

—

மூலநிரல்
10 நவம்பர் 2025, பிற்பகல் 3.15

விண்டோஸ் ஐஎஸ்ஓ இருமுக வடிவில் வருவதில்லை, அதனால் டிடி பயன்படாது. ஏற மறுக்கும் கோப்பு, சோர்சஸ் கோப்புறையில் இருக்கும் இன்ஸ்டால் விம். விண்டோஸ் முழுவதும் அதற்குள்தான் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அது 4 ஜிபியைத் தாண்டிவிட்டது, ஃபேட்32 ஏற்கவில்லை. மேலே பழுதுபார்ப்பவர் ஐயா சொன்ன அதே வரம்புதான்.

லினக்ஸில் விம்லிப் என்ற கருவித் தொகுப்பை நிறுவுங்கள். அதில் விம் கோப்பைத் துண்டாக்கும் கட்டளை இருக்கிறது. துண்டின் அளவு 3800 எம்பி என்று கொடுங்கள். எஸ்டபிள்யூஎம் என்று முடியும் இரண்டு கோப்புகள் கிடைக்கும். மூல விம் கோப்புக்குப் பதிலாக அந்த இரண்டையும் அதே கோப்புறையில் வைத்தால் போதும். விண்டோஸ் நிறுவி தானே இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும்.

ரூஃபஸ் இதை வேறு வழியில் தீர்க்கிறது. பென் டிரைவை விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் ஆக்கி, கூடவே மிகச் சிறிய ஃபேட் பகிர்வு ஒன்றை வைத்து, அதில் என்டிஎஃப்எஸ் படிக்கக் கற்றுத்தரும் சிறு நிரலைப் போடுகிறது. யுஇஎஃப்ஐ முதலில் சிறிய பகிர்வைப் படித்து, அங்கே கற்றுக்கொண்டு, பெரிய பகிர்வுக்குப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அது.

—

பழுதுபார்ப்பவர்
10 நவம்பர் 2025, பிற்பகல் 3.40

விண்டோஸ் நிறுவும்போது வட்டே காட்டவில்லை என்று கேட்கப் போகிறவர்களுக்காக முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான டிரைவர் நிறுவியில் இல்லையென்றால் எஸ்எஸ்டி கண்ணுக்கே தெரியாது. வட்டு கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிவிடாதீர்கள். மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் கிடைக்கும். அதைப் பிரித்து அதே பென் டிரைவில் ஒரு கோப்புறையில் போட்டு, நிறுவும்போது “டிரைவரை ஏற்று” என்பதில் காட்டினால் எஸ்எஸ்டி வந்துவிடும்.

—

முல்லைக்கொடி
11 நவம்பர் 2025, காலை 6.55

இரவு முழுவதும் சோதனை ஓடியது. காலையில் எழுந்து பார்த்தால் ரூஃபஸ் இது போலியான பென் டிரைவ் என்று செய்தி காட்டியிருக்கிறது. உண்மையில் 2 ஜிபிகூட முழுதாக இல்லை. அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் அதை வாங்கி மேசை டிராயரில் வைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு அக்கா, தான் கல்லூரியில் பயன்படுத்திய 8 ஜிபி பென் டிரைவைக் கொடுத்திருக்கிறார். பழையது, மூடியும் இல்லை. இதில் 3 ஜிபி மின்ட் ஏறுமா? முதலில் இதையும் சோதிக்க வேண்டுமா?

—

பழுதுபார்ப்பவர்
11 நவம்பர் 2025, காலை 7.10

தாராளமாக ஏறும். ஒரு சுற்றுச் சோதனை செய்துவிடுங்கள், 8 ஜிபி என்பதால் அதிக நேரம் ஆகாது. அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: கடை வைத்திருக்கும் என்னையே இதே மாதிரி மெமரி கார்டு ஒன்றில் ஏமாற்றியிருக்கிறார்கள்.

எழுதி முடித்ததும் உடனே நிறுவ வேண்டாம். “மின்ட்டைத் தொடங்கு” என்றால் பென் டிரைவிலிருந்தே முழு மேசைத்திரையும் வரும். ஹார்ட் டிஸ்கைத் தொடாது. வைஃபை, ஒலி, கேமரா, தொடுபலகை, திரை ஒளி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து மின்ட்டை எடை போட வேண்டாம்.

எஃப்9 சில நேரம் வேலை செய்யாமல் போகலாம். விண்டோஸ் 10இல் விரைவுத் தொடக்கம் என்ற அமைப்பு இருந்தால் கணினி முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில்தான் இருக்கிறது. அப்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே மறுதொடக்கம் கொடுங்கள். வரும் நீலத் திரையில் “சாதனத்தைப் பயன்படுத்து” என்பதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்களுக்கு: டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் அதை இயக்கி வைத்த பிறகே வேலை செய்யும்.

—

முல்லைக்கொடி
11 நவம்பர் 2025, இரவு 9.32

வந்துவிட்டது! இந்தப் பதிவை அந்தப் பழைய மடிக்கணினியில், பென் டிரைவிலிருந்து ஓடும் மின்ட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வைஃபை தானாகவே பிடித்துக்கொண்டது. ஒலி வருகிறது. தம்பி விசைப்பலகை அமைப்புக்குள் போய்த் தமிழ்நெட் 99 என்ற அமைப்பைக் கண்டுபிடித்துச் சேர்த்தான். தனியாக எதையும் பதிவிறக்கவில்லை. பள்ளியில் தமிழ்99 பழகியிருக்கிறான். புள்ளி தானாக விழவில்லை என்று மட்டும் சொல்கிறான், எஃப் விசையில் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியிருக்கிறது. முதலில் “அம்மா” என்று அடித்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அப்பாவின் கணக்குக் கோப்புகளும் குடும்பப் படங்களும் இன்னும் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. வைகைக்கரை அண்ணா எழுதியதைப் படித்ததிலிருந்து எதையும் தொடக் கை வரவில்லை. விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் நிறுவுவதா, முழுவதும் அழித்துவிட்டு நிறுவுவதா?

—

வைகைக்கரை
11 நவம்பர் 2025, இரவு 9.50

இப்போது நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் மின்ட்டிலேயே கோப்பு மேலாளரைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் தெரியும். வெளி வட்டு ஒன்றை இரவல் வாங்கி, படங்களையும் கணக்குகளையும் அதில் நகலெடுங்கள். நகலெடுத்த பின் வேறு ஒரு கணினியில் செருகி, பத்துப் படமாவது திறந்து பாருங்கள். அதற்குப் பிறகுதான் நிறுவும் குறுஞ்சின்னத்தைத் தொட வேண்டும்.

—

பழுதுபார்ப்பவர்
11 நவம்பர் 2025, இரவு 10.05

வைகைக்கரை சொன்னதுதான் முதல் வேலை. அது முடிந்தால், 4 ஜிபி ராம் உள்ள கணினியில் இரண்டையும் வைத்துக்கொள்வதைவிட மின்ட்டை மட்டும் முழு வட்டிலும் நிறுவுங்கள் என்றே சொல்வேன். தம்பிக்குப் பள்ளி வேலைக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் நிரல் ஏதாவது கட்டாயமாக இருந்தால் மட்டும் பக்கத்தில் நிறுவுங்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு வரும், அவன் கல்லூரி முதல் ஆண்டுகளையும் அது தாண்டும்.

கையில் கொஞ்சம் பணம் சேரும்போது ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். பில் தரும் கடையில் வாங்குங்கள். புள்ளி தானாக விழ வேண்டும் என்றால், நிறுவிய பிறகு உள்ளீட்டு முறைகள் என்ற இடத்தில் தமிழுக்கான ஐபஸ் என்ற தட்டச்சுத் தொகுப்பைச் சேருங்கள். அதில் தமிழ்99 முறைப்படியே வரும்.

—

முல்லைக்கொடி
16 நவம்பர் 2025, மாலை 6.18

மாமாவிடம் வெளி வட்டு வாங்கி எல்லாவற்றையும் நகலெடுத்து, அவர் கணினியில் திறந்து பார்த்துவிட்டுத்தான் நிறுவினோம். தம்பிதான் எல்லாப் பொத்தானையும் அழுத்தினான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. புள்ளியும் இப்போது தானாக விழுகிறது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் ரூஃபஸைத் திறந்து, பூட் தேர்வில் “பூட் ஆகாதது” என்று வைத்து ஃபார்மட் செய்தால் பழையபடி 8 ஜிபி பென் டிரைவாகிவிடும்தானே?

—

மூலநிரல்
16 நவம்பர் 2025, மாலை 6.40

ஆம், அவ்வளவுதான். ஆனால் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்துவிட்டுக் கொடுங்கள். முதல் புதுப்பிப்புகளில் ஏதாவது தடங்கல் வந்தால் அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்துதான் சரி செய்ய வேண்டியிருக்கும்.

—

முல்லைக்கொடி
16 நவம்பர் 2025, மாலை 7.02

அக்காவிடம் கேட்டேன். “நீயே வைத்துக்கொள், என் கணினிக்கும் இதே மாதிரி செய்து கொடு” என்கிறார். அவருடைய மடிக்கணினி 2012இல் வந்தது, பயாஸ் வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். நாளை அந்த முதல் 512 பைட் என் வேலையைச் செய்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.